வாலில் இருந்த உப்பு

கல்யாணப் பந்தியில், இலை மூலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்த உப்புக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிப்பு, புளிப்பு, கசப்பு, எல்லாப் பேருக்கும் வாலில் 'ப்பு'ன்னு நிக்கிறது என் பேர்தான். ஒரு காலத்துல உப்புன்னாலே சுவைன்னுதான் அர்த்தமாம்" என்று பக்கத்திலிருந்த ஊறுகாயிடம் அளந்தது.

"சரிங்கண்ணே" என்றது ஊறுகாய்.

"ரசத்துல புளிப்பு எடுப்பா இருக்கு" என்றார் சாப்பிட வந்தவர். பிறகு, "பாயசத்துல இனிப்பு பிரமாதம்" என்றார். "என்னைத்தான் சொல்றாரு" என்று ஒவ்வொரு தடவையும் உப்பு நெளிந்தது.

கடைசியில் மோரைக் குடித்தவர், "ஐயோ, உப்பு!" என்று முகத்தைச் சுளித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

மடித்த இலைக்குள், யாரும் தொடாத உப்பு ஊறுகாயிடம் மெதுவாகச் சொன்னது: "வாலோட நின்னிருக்கலாம் தம்பி. என் பேரைத் தனியாக் கூப்பிட்ட கையோட பந்தியையே முடிச்சுட்டாரு."