மூணாவது ஓலை

“சாமி, ஓலை!”

பங்குச் சாமியார் கடைசி ஆசீர் கொடுத்துவிட்டுக் கையை இறக்குவதற்குள் சவரியப்பன் எழுந்து கத்தியேவிட்டார்.

“என்ன ஓலை?” என்றார் சாமியார்.

“எம் மக ஜோசபின் கல்யாண ஓலை சாமி! இன்னைக்கு மூணாவது. வாசிக்கவே இல்லையே!”

சாமியார் நெற்றியில் கை வைத்தார். “அடடா, மறந்துட்டேனே!”

மறக்கிற விஷயமா அது? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசித்தால்தான் கோயிலில் தாலி கட்ட முடியும். இதே சாமியார் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் மேய்ந்த எருமையைப் பற்றி அறிவித்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வேண்டும் என்பதை இரண்டு தடவை அறிவித்தார். ஓலையை மட்டும் விட்டுவிட்டார்.

“புதன்கிழமை கல்யாணம் சாமி! ஒத்தக்கடை பூராவும் பத்திரிகை வச்சாச்சு.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வாசிச்சிருவோம்.”

“அன்னைக்குத் திருவருகைக் காலம் ஆரம்பிச்சிருமே!”

திருவருகைக் காலம் ஆரம்பித்துவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கப்புறம் மார்கழியில் யார் வைப்பார்கள்? ஆக, இனி தை மாதம்தான்.

“இப்பவே வாசிங்க சாமி. எல்லாரும் இங்கனதான நிக்கிறாங்க!”

“பூசைக்குள்ளதான் வாசிக்கணும். பூசை முடிஞ்சிருச்சே.”

“அப்ப இன்னொரு பூசை வைங்க!”

“இதென்ன சினிமாக் கொட்டகையா சவரியப்பா, இன்னொரு ஆட்டம் ஓட்ட?”

பின் வரிசையில் ஒரு மீசை துடித்தது. மாப்பிள்ளையின் அப்பா ராயப்பன், ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. மூணாவது ஓலையைக் காதாரக் கேட்டுவிட்டு, சம்மந்தி வீட்டில் கோழியும் சாப்பிட்டுப் போகலாம் என்று திண்டுக்கல்லில் இருந்து மகனோடு வந்திருந்தார். நாட்டில் எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வீட்டில் மட்டும் இன்னும் முடியவில்லை.

இந்தக் கல்யாணத்தில் அவசரமெல்லாம் அவருடையதுதான். ஜோசபினுக்கு நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சை டிசம்பரில். “கல்யாணம் ஆன பிள்ளைக்கு எதுக்குப் பரீட்சை? புதன்கிழமை தாலி, வியாழக்கிழமை கோயமுத்தூர் பஸ், அங்கதான பையனுக்கு மில்லு வேலை” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

மூன்று வருஷப் படிப்பு போச்சே என்று ஜோசபின் அழுதபோது சவரியப்பன்தான் சமாதானம் சொன்னார். “ஆண்டவர் திட்டம் அப்படி இருந்தா நாம என்னம்மா பண்றது? நம்பிப் போ.” பந்தலுக்கு ஆள் பார்க்கக் கிளம்பிக்கொண்டே சொன்னார்.

இப்போது சாமியார் அவரிடம் சொன்னார். “ஆண்டவர் திட்டம் இதுதான்னா நாம என்ன பண்றது? திருவருகைக் காலமே நம்பிக் காத்திருக்கிறதுக்குத்தான?”

“இதுல ஆண்டவர் எங்க சாமி வந்தாரு? மறந்தது நீங்க!”

அவரையும் மிஞ்சிவிட்டான் மாப்பிள்ளை இன்னாசி. அதுவரை அப்பா முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றவன், திடீரென்று பீடத்துக்கு முன்னால் வந்து கையை நீட்டினான்.

“எருமை ஞாபகம் இருக்கு, எங் கல்யாணம் ஞாபகம் இல்லையா? மில்லுல இந்த லீவை வாங்க நான் எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா? இம்புட்டு மறதியை வச்சுக்கிட்டு எதுக்குப் பூசை வைக்க வாரீங்க? கதவைச் சாத்திப் படுத்துக்க வேண்டியதுதான!”

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். “ஆத்தாடி, பையன் இம்புட்டு முரடா? பாவம் ஜோசபின்.”

பரீட்சை எழுதலாம் என்று ஒரு நிமிஷம் மனசுக்குள் குளிர்ந்துபோயிருந்த ஜோசபின் இப்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த வாயோடா காலம் தள்ளப் போகிறோம்?

ஏட்டு ராயப்பனே பதறிப்போனார். “டேய், சாமிடா! வாய மூடு. தை மாசமே வச்சுக்கலாம், ஒண்ணும் குடி முழுகிப் போயிராது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க சாமி.”

மகனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். தேதி தள்ளிப்போனாலும் கோழி தள்ளிப்போகக் கூடாதே, கூட்டம் சவரியப்பன் வீட்டைப் பார்த்து நடந்தது.

“செருப்பைக் காணோம்ப்பா. நீங்க முன்னால போங்க, தேடிட்டு வாரேன்” என்றான் இன்னாசி.

சாமியார் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது.

“என்னப்பா, இன்னும் திட்டு பாக்கி இருக்கா?”

இன்னாசி வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்தான். பிறகு சடாரென்று முழங்கால் போட்டான்.

“பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சாமி. குருவானவரைக் கை நீட்டித் திட்டிட்டேன். நேத்து நானே பஸ் ஏறி வந்து, ‘அந்தப் பிள்ளை பரீட்சை எழுதட்டும், எங்க அப்பாகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் பத்தாது, நீங்க ஓலையை மறந்துருங்க’ன்னு உங்க கால்ல விழுந்துட்டு, இன்னைக்கு எங்க அப்பா நம்பணுமேன்னு…”

சாமியார் அவன் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“உம் பாவம் கிடக்கட்டும்டா. பீடத்துல நின்னுக்கிட்டு மறந்துட்டேன்னு புளுகுனேனே, அதுக்கு நான் எந்தச் சாமியார்கிட்டப் போவேன்?”