ஒட்டாத ‘ம்’

கரிக்கலாம்பாக்கத்துப் புது மனையில், வாசற்கதவு செய்து மிஞ்சிய பலகையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார் நமச்சிவாயம். குடிபுகும் முன்பே போய்ச்சேர்ந்துவிட்ட மனைவி பெயரில் ‘தையலம்மாள் இல்லம்’ என்று தெர்மகோலில் வெட்டி, தங்கநிறத் தாள் சுற்றி, எழுத்து எழுத்தாக ஒட்டுகிறார். பெயின்ட் வாசம் போகாத கூடத்தில் சாயங்கால வெயில் நீளமாக விழுந்துகிடக்கிறது. மகள் சிந்து டீயோடு வந்து குனிகிறாள். “இன்னாப்பா, கோணலா ஒட்டிக்கினு இருக்க? அம்மா பாத்திருந்தா திட்டும்.” “திட்டட்டும்டி.” சிரித்துக்கொண்டே பலகையைச் சுவரோரம் நிமிர்த்துகிறார். கடைசி ‘ம்’ மட்டும் இன்னும் அவர் கையில். “தையலம்மாள் இல்ல” என்று வாய்விட்டுப் படித்துவிடுகிறாள் சிந்து. பிறகுதான் அது அவள் காதிலேயே விழுகிறது. அவர் அவசரமாகப் பசை தடவி ‘ம்’மை வைத்து அழுத்துகிறார். “காஞ்சிடுச்சுப்பா, கைய எடு” என்கிறாள் சிந்து மெதுவாக. அவர் அழுத்திக்கொண்டேதான் இருக்கிறார்.