டைம் பார்

“டைம் பார் ஆயிடுச்சு, யஜமான்ரே.” வக்கீல் மஞ்சுநாத் காகிதக் கட்டை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

பார் என்கிறாரே என்று கெம்பையனும் பார்த்தார். கட்டுதான் கிடந்தது.

“பாக்கச் சொல்லலே. பார்னா இங்கிலீஷ்ல தடுக்கறது. நஞ்சன்கூடு தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள்ள இங்க மைசூர்ல அப்பீல் போட்டிருக்கணும். நாள் தாண்டிடுச்சு. கோர்ட்டு இனி உள்ள விடாது. ஏனு மாடோது, என்ன பண்றது?”

அப்பீல் இல்லையென்றால் ஒன்றரை ஏக்கர் வாழையும் பங்காளி சித்தையனுக்கு. குலை தள்ளி நிற்கிற வாழை.

“குடிக்கற கடையும் பாருங்கறீங்க, வக்கீலுங்க சங்கமும் பாருங்கறீங்க. இதும் பாருங்களா?”

“எல்லாம் ஒரே வார்த்தைதான்.” வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. “கதவுக்குக் குறுக்கே போடற கம்பிகூட பார்தான்.”

ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு குடிக்கவும் கூடவும் குடியைக் கெடுக்கவும் தெரிந்த கூட்டம். வாய்வரை வந்ததைக் கெம்பையன் விழுங்கிக்கொண்டார்.

“படிக்காதவங்களே இப்படித்தான்,” என்றார் வக்கீல். “நாள் கணக்கு தெரியாம கடைசியில ஓடி வர்றது.”

கெம்பையன் கட்டைக் கையில் எடுத்தார்.

சுற்றியிருந்தது வாழை நார். முடிச்சு அவர் போட்டது. மாட்டுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. அவிழ்த்தால் இன்னொருவன் அதே மாதிரி போட முடியாது.

தீர்ப்பு வந்த நாலாம் நாள், இதே மேஜையில் கொண்டுவந்து வைத்தபோது போட்ட முடிச்சு.

நார்தான் காய்ந்திருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

எழுந்தார். கும்பிடு போடவில்லை.

வெளி அறையில் யாரும் இல்லை. குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தான். வக்கீலின் போன் அங்கேதான் சார்ஜில் கிடந்தது.

பழைய வீடு அது. வக்கீல் உட்கார்ந்திருந்தது முன்பு நெல் கொட்டி வைத்த அறை. தேக்குக் கதவு. கம்பி வெளிப்பக்கம்.

கெம்பையன் கதவைச் சாத்தினார். கம்பியை இழுத்துக் குறுக்கே போட்டார். துருப்பிடித்திருந்தாலும் சொன்ன பேச்சு கேட்டது.

உள்ளே நாற்காலி உருண்டது. கதவு தடதடத்தது.

“யஜமான்ரே! மூணு மணிக்கு ஜட்ஜ் முன்னாடி நிக்கணும்! கதவைத் திறங்க!”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

கெம்பையன் குமாஸ்தாவின் நாற்காலியைக் கடிகாரத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருங்க சாமி,” என்றார். “டைம் பாக்கறேனுங்க.”