மோகனூர் பஸ்ஸின் சிவப்புப் பட்டன்

ஜன்னலோரம் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா. பெயர் பாப்பாயி என்று கண்டக்டர் சொன்னார்.

அவர் தலைக்கு மேலே சிவப்புப் பட்டன் இருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். அதுதான் பிரச்சினையே.

அவருக்குப் பின்சீட்டில் இடம் பிடித்தேன். அவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். குரல் மட்டும் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

சேலத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொந்தரவு என்றால் பட்டனை அமுக்கலாம். எங்கள் அறையில் மணி அடிக்கும். "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று நாங்கள் கேட்பது பஸ் முழுக்க ஒலிக்கும். அரசு மானியத்தில் வந்த ஏற்பாடு.

ஆனால் ஆபத்துக்கு அமுக்கியவர்களைவிட, ஊர் வந்துவிட்டது என்று அமுக்கியவர்கள்தான் அதிகம். ஆயுத பூஜையன்று பட்டனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக பஸ்கள் அலறின. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பாப்பாயி அக்கா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரத்தில் பாதி நாள், காலையில் மோகனூரிலிருந்து நாமக்கல் போகும் இதே பஸ்ஸிலிருந்து மணி அடிக்கும். கேட்டால் ஒரே பதில், "தெரியாம அமுக்கிப்போட்டேனுங்க சாமி."

வீண் அழைப்புகள் குறைந்தால்தான் மானியத்தின் அடுத்த தவணை வருமாம். அதனால் அதிகம் தொல்லை தரும் பஸ்ஸில் பட்டனையே கழற்றிவிடுவது என்று முடிவாகிவிட்டது. முதலில் இந்த பஸ்தான்.

"நேர்ல போய்ப் புரிய வைங்க சோபியா. இன்னிக்கும் வீணா அடிச்சா சாயங்காலமே கழட்டிரலாம்" என்று அனுப்பியிருந்தார் அதிகாரி.

முன்னால் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். இது இறங்குவதற்கான மணி இல்லை அக்கா, ஆபத்துக்கு மட்டும்தான்.

"ஆகட்டுங்க கண்ணு" என்று தலையாட்டினார்.

அப்பாடா என்று சாய்ந்துகொண்டேன். இதற்குப் போய் இவ்வளவு தூரமா என்றுகூட நினைத்தேன்.

அணியாபுரத்தில் கூட்டம் ஏறியது. கல்லூரிப் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர்கள். நிற்கவும் இடமில்லை.

பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பாப்பாயி அக்கா எழுந்தார். நான் "அக்கா!" என்பதற்குள் அமுக்கிவிட்டார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து என் தோழி லிடியாவின் குரல் கணீரென்று வந்தது. "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

பஸ் அடங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாம அமுக்கிப்போட்டேனுங்க சாமி."

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதுதானே தலையாட்டினார்! எழுந்து நின்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

எழுந்து நின்றதால்தான் தெரிந்தது.

இரண்டு சீட்டுக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் நின்ற ஆள் அவள் இடுப்பிலிருந்து கையை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தான். என் அப்பா வயதிருக்கும். அத்தனை முகங்களும் தன் பக்கமே பார்ப்பதுபோல் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இடித்துத் தள்ளி வாசலுக்குப் போனான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியே விட்டான்.

அந்தப் பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

பஸ்ஸுக்குள் மாட்டியிருக்கும் எங்கள் கேமராவில் தலைகள்தான் தெரியும். கைகள் தெரியாது.

பாப்பாயி அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் இறங்க வேண்டிய நாமக்கல் இன்னும் வரவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் காதருகே குனிந்து கேட்டேன். "ஏன்க்கா உண்மையச் சொல்லல? போலீஸ அனுப்பியிருப்போமே."

"போலீசு வந்தா ஊருக்கே தெரிஞ்சு போயிருங்க கண்ணு. அவன் நாளைக்கும் பஸ் ஏறிருவான். இந்தப் புள்ளயத்தான் படிச்சது போதும்னு ஊட்டுல உக்கார வெச்சுருவாங்க." வெற்றிலைக் கட்டின்மேல் ஈரத் துணியை இழுத்துவிட்டார். "என்னைய அப்படித்தானுங்க பள்ளிக்கோடத்த விட்டு நிறுத்துனாங்க."

போன் அடித்தது. லிடியாதான்.

"மறுபடியும் அந்தம்மாவா? வீண் அழைப்புன்னு முடிச்சிரட்டா?"

வீண் என்றால் சாயங்காலம் பட்டன் போய்விடும். நிஜம் என்றால் அடுத்த நிறுத்தத்தில் போலீஸ் வந்து நிற்கும். முதலில் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் கேட்பார்கள். பட்டன் வேலை செய்கிறதா என்று நாங்களே அமுக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. அந்த டெஸ்ட் கால்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"டெஸ்ட்னு போடு லிடியா. நான்தான் அமுக்கச் சொன்னேன்."

"எதுக்குடி? அந்த பஸ்ல பட்டன் நல்லாத்தானே வேலை செய்யுது?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்றேன். "நாளைக்கும் டெஸ்ட் இருக்கு. அடுத்த வாரமும் இருக்கு."