கதவில் என் பெயர்

ஊரிலுள்ள வீட்டுக் கதவுகளைத் திறந்து மூடும் நிரலை எழுதி, இலவசமாகக் கொடுத்தவள் நான். யாரோ அச்சு அசலாக அதற்கு ஒரு போலியைச் செய்து, என் பெயரையே போட்டு இணையத்தில் வைத்துவிட்டார்கள். ஊரார் போலவே நானும் நேற்று என் வீட்டுக் கதவுக்கு அதைத்தான் பதிவிறக்கினேன். அடுத்தவர் எழுதியதென்றால் வரி வரியாகப் படித்திருப்பேன். என் பெயர் இருந்ததால் படிக்கவில்லை.

காலையிலிருந்து எந்தக் கதவும் திறக்கவில்லை. ஃபோன்தான் ஓயாமல் அடிக்கிறது.

"பூங்கோதை மேடமா? கதவுல உங்க பேர்தான் வருது. அப்பாவுக்கு மூச்சு முட்டுது, ஆம்புலன்ஸ்காரங்க வெளிய நிக்கிறாங்க. தொறந்து விடுங்க மேடம்!"

"அது நான் எழுதினதில்ல சார். நானும் உள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."

 அவர் குரல் தணிந்தது.

"சரி மேடம். எவ்வளவு வேணும்?"