அட்டை மலை

மாநில அளவில் பளு தூக்கி மெடல் வாங்கிய சென்னியப்பன், எழுபத்து நான்காம் வருஷம் நாடகத்துக்கு வந்து அனுமார் வேடம் கட்டினான். கொழிஞ்சாம்பாறையில் முதல் நாள் அவன் சஞ்சீவி மலையைத் தூக்கியதுமே சனங்கள் சிரித்துவிட்டார்கள்.

“அட்டை மலைன்னு உன் மூஞ்சியிலேயே தெரியுது. கொஞ்சம் முக்கித் தொலைடா!” என்று திட்டினார் நாடக வாத்தியார்.

மறுநாள் அவன் கை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, வேர்வையில் சாயம் ஒழுகியது. கைதட்டல் ஓயவில்லை. மெட்ராஸிலிருந்து வந்திருந்த சினிமா டைரக்டர், “என்னா நடிப்புய்யா!” என்று தன் படத்தில் வேடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பூரிப்போடு மலையை ஓரமாக வைக்கப் போன வாத்தியார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்சட்டத்தில், சென்னியப்பன் தினமும் தூக்கிப் பழகும் இரும்புத் தட்டுகள்!

“என்னடா இது?”

“எனக்கு நடிக்க வரலீங்க. அதான், நெசமாவே தூக்கீட்டனுங்க.”