எனக்குத்தான் புரியல

ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

கரும்பலகையில் ஃபோர்மேன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: கதவு ஒன்றுக்கு நாற்பத்தாறு சென்டிமீட்டர். அலமாரியின் வாயோ தொண்ணூற்றாறு. இரண்டு கதவையும் சாத்தினாலும் நடுவில் இரண்டு விரல் நுழையும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அலமாரிகள். மொத்தம் எண்பது கதவு. வெட்டின பலகை வளருமா என்ன?

தப்பு எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. மூத்த ஆட்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். ஃபோர்மேன் எழுதியதை நாலு பேர் முன்னால் தப்பென்று சொல்வதா? இருபது வருஷமாக அந்தப் பட்டறையில் நடக்காத கூத்து.

இளவட்டங்களுக்குக் கை துறுதுறுத்தது. ஃபோனில் படம் எடுத்து முதலாளிக்கே அனுப்பிவிடலாம் என்றார்கள். அனுப்பினால் பலகை பிழைக்கும், ஃபோர்மேனின் மானம் கப்பலேறும். மூத்தவர்கள் அத்தனை பேரும் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் உதவி சூப்பர்வைசர். சேர்ந்து மூன்று மாதம்தான். இந்த மாதம் தேறினால்தான் வேலை நிரந்தரம்.

அவள் பதறவில்லை. ஃபோர்மேனின் இடது புருவம் எவ்வளவு ஏறினால் என்ன அர்த்தம் என்று அங்கே அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. இப்போது பாதிதான் ஏறியிருந்தது. சமாளித்துவிடலாம்.

நோட்டைத் திறந்துகொண்டு எதிரே போய் நின்றாள்.

"சார், எனக்குத்தான் புரியல. இந்த அளவை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஃபோர்மேன் சலித்துக்கொண்டே ஆரம்பித்தார். வாய் தொண்ணூற்றாறு, அதில் பாதி...

சாக்பீஸ் நின்றது.

எழுதியதைத் துடைத்தார். நாற்பத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எழுதினார். ரம்பத்தைப் போடச் சொன்னார். விட்டத்தைப் பார்த்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரைக்கு இறங்கி வந்தார்கள்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தில் காட்டாமல் நோட்டை மூடினாள்.

ரம்பத்தின் இரைச்சலில் அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"வீட்டுக்குப் போனதும் உங்கம்மாகிட்ட சொல்லிடு. இந்த 'எனக்குத்தான் புரியல' வித்தையெல்லாம் கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

வாய்வரை வந்த 'சரிப்பா'வை விழுங்கிவிட்டு, "சரிங்க சார்" என்றாள் அவள்.